லண்டனுள் ஒரு சிறு நகரம்

லண்டனின் மக்கள்தொகை யாது என்று நான் வகுப்பில் வினவியபொழுதெல்லாம் மாணவர் லட்சக்கணக்கிலேயே விடை கூறினர். விடை சரியே. ஆயினும், அம்மாநகரின் நடுவே, ரோமானியர் மதிலெழுப்பிய பழைய இடத்தில், ‘லண்டன் சிட்டி’ என்னும் தனி நகரம் ஒன்று உண்டு. பரப்பு ஒரு சதுர மைலுக்குச் சற்றே மிகுதி. தனி மேயரும் தனிக் காவற்படையும் உடையது. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 8,600 பேரே. நம் பெரிய கிராமங்கள் சிலவற்றில் இதனினும் மிகுதியான மக்கள் உளர்.

எந்நாளும் இவ்வாறு இருந்ததில்லை. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீ 13,200 வீடுகளை விழுங்கியது. மக்களோ மீண்டும் வந்து குடியேறினர். வணிகர் பலர் கீழே கடையும் மேலே குடும்பமுமாக வாழ்ந்தனர். சென்னைக் கோட்டைக்கு ஆணை விடுத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகமும் அங்கே லெடன்ஹால் தெருவில்தான் இருந்தது. 1801இல் மக்கள்தொகை ஏறத்தாழ 1,28,000. தீயினால் ஆகாததை நில விலையும் ரயிலும் செய்தன. வங்கிகளும் கிடங்குகளும் வீடுகளின் இடத்தைப் பிடித்தன. 1863இல் சுரங்க ரயில் வந்தபின், தொலைவில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் வேலைக்கு வந்து போவது எளிதாயிற்று. 1901இல் எஞ்சியோர் 27,000 அளவினர். தொழ ஆளில்லாமையால் மாதா கோயில்கள் சில இடிக்கப்பட்டன.

இங்கே ஒரு சுவையான வழக்கு எழுந்தது. குடிக்கணக்கு, இரவில் யார் எங்கே தங்குகிறார் என்று பார்த்து எடுக்கப்படுவது. இத்துணைச் சிலருக்கு ஒரு தனி ஆட்சியா என்று பலர் கேட்டனர். நகராட்சியார் வாளாவிருக்கவில்லை, 1866 முதல் தாமே பகற்கணக்கு எடுக்கலாயினர். 1881இல் இரவுக்கணக்கு ஏறத்தாழ 50,000, பகற்கணக்கோ 2,61,000! இரண்டும் மெய்யே. ஆனால், ஆட்சியுரிமையைக் காக்கும் நோக்கம் பகற்கணக்கின் பின்னே இருந்தது என்பதை மறத்தலாகாது. எண்ணைப் படிக்குமுன், எண்ணியவர் யார், எதற்காக எண்ணினார் என்று கேளுங்கள்.

1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவு ஜெர்மானியர் குண்டுகள் கிரிப்பிள்கேட் வட்டாரத்தைச் சாம்பலாக்கின. 1951இல் அவ்வட்டாரத்தில் குடியிருந்தோர் 48 பேர். நகர் முழுவதிலும் 5,300க்குச் சற்றே மேல். பாழ்நிலத்தை அலுவலகங்களுக்கே விட்டிருந்தால் பணம் குவிந்திருக்கும். நகராட்சியாரோ அங்கே பார்பிக்கன் என்னும் குடியிருப்பை எழுப்பினர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 1969 முதல் மக்கள் குடிபுகுந்தனர். இன்றைய குடிமக்களில் பெரும்பகுதியினர் அங்கேயும் அதன் அண்டையிலுமே வாழ்கின்றனர்.

இன்று பகலில் அங்கே வேலை செய்வோர் ஆறு லட்சத்திற்கும் மேல். நகராட்சித் தேர்தலில் வணிக நிறுவனங்களுக்கும் வாக்குண்டு. பிரிட்டனின் பிற ஊர்களில் அம்முறை 1969இல் ஒழிந்தது. உழைக்க வருவோருக்கு ஊரில் உரிமை வேண்டும் என்பது நியாயமே. ஆனால், நிறுவனத்தின் வாக்காளரை நிறுவனமே நியமிக்கிறது. அங்கே தரை பெருக்குபவர்க்கு அவ்வாக்குக் கிடைத்தல் அரிது. வாக்காளரில் குடியிருப்போரைவிட நிறுவனங்களின் பிரதிநிதிகளே மிகுதி. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய என் கண்ணில் படுவது மற்றொன்று: வங்கிகள் நிறைந்த அந்நகரில் அரசுப் பணத்தில் நடக்கும் தொடக்கப்பள்ளி ஒன்றே ஒன்றுதான்.