வீட்டுக்கு அடுத்த மனை

வீடு கட்டுகிறவரைக்கும் மனிதனுடைய கவலையெல்லாம் தன் மனையைப் பற்றியது. குடி புகுந்த மறுநாளிலிருந்து அந்தக் கவலை அடுத்த மனைக்குத் தாவிவிடுகிறது. அங்கே என்ன வரப்போகிறது? நம்மைப் போல ஒரு குடும்பம் வருமா, மாவு மில் வருமா, இரவெல்லாம் விளக்கெரியும் ஹோட்டல் வருமா? தன் நிலத்தில் தன் இஷ்டப்படி செய்ய ஒருவனுக்கு உரிமை உண்டு என்றால், பக்கத்து வீட்டுக்காரனுக்கு நிம்மதியாகத் தூங்க உரிமை இல்லையா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பதில் தேடி வருகிறார்கள். நான் சட்டம் படித்தவன் அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் நிலத்துக்கும் மனத்தாபத்துக்கும் உள்ள உறவைக் கதைக்காரனைவிட யார் நன்றாக அறிவார்? ஆகவே இந்தச் சரித்திரத்தை எனக்குத் தெரிந்த முறையிலே சொல்லுகிறேன்.

இன்று அங்கே இந்தச் சண்டை பெரும்பாலும் 'டிரைவ் த்ரூ' என்னும் கடையை முன்னிட்டு நடக்கிறது. காரை விட்டு இறங்காமலே ஒலிபெருக்கியிடம் வேண்டியதைச் சொல்லி, சற்று முன்னே நகர்ந்து, ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். வாங்குகிறவருக்குச் சௌகரியம். ஆனால் அடுத்த வீட்டில் படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கமாக இருந்தால்? நள்ளிரவில் 'இன்னும் என்ன வேண்டும்?' என்று ஒலிபெருக்கி கேட்கிறது. கார் விளக்கு சுவரில் ஏறி இறங்குகிறது. வரிசையில் நிற்கும் வண்டிகள் புகையைக் கக்குகின்றன. வரிசை நீண்டு தெருவுக்கு வந்துவிட்டால், பள்ளிக்கு நடந்து போகும் குழந்தை அந்த வண்டிகளுக்கு நடுவே புகுந்துதான் போக வேண்டும்.

கடைக்காரர் விண்ணப்பம் போடுகிறார். சுற்றிலும் குறிப்பிட்ட தூரத்துக்குள், பல ஊர்களில் 300 அடிக்குள், நிலம் வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் போகிறது. நகரசபைக் கூடத்தில் விசாரணை. ஒவ்வொருவருக்கும் சில நிமிஷங்கள்தான் பேச்சு. பிறகு சபையார் கை தூக்கித் தீர்மானிக்கிறார்கள். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். இதற்குப் பின்னால் இருக்கும் அதிகாரம் எப்படி வந்தது என்று தேடிப் போனால், நல்லதும் கெட்டதும் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடப்பதைக் காண்கிறோம்.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் 1880-இல் ஒரு விதி செய்தார்கள். மரக் கட்டடத்தில் சலவைத் தொழில் செய்வதானால் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். நெருப்புப் பயம் என்பது காரணம். நியாயமாகத்தானே தோன்றுகிறது? அந்த நகரில் இருந்த சுமார் 320 சலவைக் கடைகளில் 310 மரத்தால் ஆனவை. அனுமதி கேட்ட இருநூறு சீனருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சீனரல்லாத எண்பது பேருக்கு மேல் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. சீனருடைய மரம்தான் தீப்பற்றும், மற்றவர்களுடைய மரம் பற்றாது போலும்! 22 வருஷம் ஒரே இடத்தில் துணி வெளுத்த ஒருவர் விடாமல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். யிக் வோ வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1886-ஆம் ஆண்டு அவருக்கு வெற்றி கிடைத்தது. எழுத்தில் நேர்மையாக இருக்கும் சட்டத்தை நடத்துகிற கை கோணலாக இருந்தால், அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அடுத்த கதை லாஸ் ஏஞ்சலஸில். ஊருக்கு வெளியே செங்கல் சூளை போட்டிருந்தார் ஒருவர். ஊர் வளர்ந்து அவரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. வந்த வீடுகள் புகையைக் கண்டு முகம் சுளித்தன. சூளையை மூடு என்று நகரம் உத்தரவிட்டது. அவருடைய நிலம் சூளைக்கென்றால் 8 லட்சம் டாலர் பெறும். வேறு எதற்கானாலும் 60 ஆயிரம்தான் என்று அவர் முறையிட்டார். 1915-இல் சுப்ரீம் கோர்ட்டு நகரத்தின் பக்கமே நின்றது. முதலில் வந்தவன் என்பது ஒரு வாதமே அல்லவாம்! அடுத்த ஆண்டே நியூயார்க் நகரம் முழுவதையும் வீட்டுப் பகுதி, வியாபாரப் பகுதி என்று பிரித்துக் கோடு போட்டது. ஒரே தெருவை இருட்டாக்கிக்கொண்டு வானளாவ எழும்பிய ஈக்விடபிள் கட்டடம் அந்தக் கோபத்தை வளர்த்த காரணங்களில் ஒன்று.

இனி, எல்லாவற்றுக்கும் தாயான வழக்கு. ஒஹையோ மாகாணத்தில் கிளீவ்லண்டு நகரை ஒட்டி யூக்ளிட் என்று ஒரு சிற்றூர். பழைய நில அளவைக்காரர்கள் தங்கள் வித்தைக்கு ஆதிகுருவான கிரேக்கக் கணித மேதையின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார்கள். கோடு போடுவதால் வந்த சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நானாகக் கற்பனை செய்திருந்தால் வாசகர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். பத்தாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊர், 1922 நவம்பரில் தன் நிலத்தையெல்லாம் ஆறு வகையாகப் பிரித்தது. அங்கே ஆம்ப்ளர் கம்பெனிக்கு 68 ஏக்கர் இருந்தது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர், வீட்டுக்கென்றால் 2,500 டாலர் என்பது கம்பெனியின் கணக்கு. யுத்த மந்திரியாக இருந்த நியூட்டன் பேக்கரையே வக்கீலாக அமர்த்திக்கொண்டு வழக்காடியது.

1924-இல் கீழ்க் கோர்ட்டு நீதிபதி வெஸ்டன்ஹேவர் ஊருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அவர் சொன்ன ஒரு காரணம் என் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தின் முடிவான பலன், மக்களை அவரவர் வருமானத்துக்கும் அந்தஸ்துக்கும் தக்கபடி பிரித்து வைப்பதுதான் என்றார் அவர். பூந்தோட்டமும் சுத்தமான காற்றும் பேசிக்கொண்டு வந்தவர்களின் மடியில் இருந்த பூனையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்!

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு இரண்டு முறை வாதிக்கப்பட்டது. ஊருக்காக வாதாடிய மெட்ஸன்பாம், முதல் வாதம் முடிந்து ரயிலில் திரும்பும்போதே மனம் கேட்காமல், இன்னும் ஒரு பதில் எழுத அனுமதி வேண்டும் என்று தலைமை நீதிபதி டாஃப்டுக்குத் தந்தி கொடுத்தார். 1926 நவம்பர் 22-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறு பேர் ஊருக்குச் சார்பு. மூன்று பேர் எதிர்ப்பு. எழுதியவர் ஜார்ஜ் ஸதர்லண்டு. சொத்துரிமையின் காவலர் என்று பெயரெடுத்தவர் அவர். தொல்லை என்பது பல சமயம் கெட்ட பொருள் அல்ல, இடம் மாறி வந்த நல்ல பொருள்தான் என்றார். கொட்டிலில் இருக்க வேண்டிய பன்றி கூடத்தில் வந்து நிற்பது போல. நல்ல உவமைதான். ஆனால் அதே தீர்ப்பில், பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்கு வீட்டையும் ஒட்டுண்ணி என்கிறார். அந்த அடுக்கு வீட்டில் குடியிருந்தவர்கள் பன்றிகளா, மனிதர்களா என்று யாரும் கேட்கவில்லை.

நிறத்தைக் காட்டிக் கோடு போடக்கூடாது என்று லூயிவில் நகர வழக்கில் 1917-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. நிறத்தைச் சொல்லாமல் மனையின் அளவைச் சொன்னால் போயிற்று! பெரிய மனையில் ஒரே குடும்பம்தான் வாழலாம் என்றால், ஏழையும் கறுப்பரும் தாமாகவே வெளியே நின்றுவிடுவார்கள். அப்படித்தான் பல ஊர்களில் நடந்தது.

அந்த நாட்களிலேதான் மோட்டாரும் பெருகியது. 1921-இல் டல்லஸ் நகருக்கு அருகே, காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் கடை ஒன்று பிறந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'பிக் ஸ்டாண்டு', அதாவது பன்றிக் கடை! நீதிபதியின் உவமை பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே அந்தப் பன்றி சாலைக்கு வந்துவிட்டது. 1948-இல் கலிபோர்னியாவில் 'இன் அண்டு அவுட்' கடை, காரில் இருப்பவரோடு பேசும் ஒலிபெருக்கியை வைத்தது. 1975-இல் அரிஸோனாவின் ஸியரா விஸ்டா ஊரில் மெக்டானல்ட்ஸ் தன் முதல் ஜன்னலைத் திறந்தது. காரணம் வேடிக்கையானது. பக்கத்துப் படை முகாமின் சிப்பாய்கள் வேலை உடுப்போடு வெளியிடத்தில் காரை விட்டு இறங்கக்கூடாது என்று விதி இருந்தது. சிப்பாய் இறங்க முடியாவிட்டால் என்ன, சுவரை உடைத்து ஜன்னல் வைத்தால் ஆயிற்று!

சிப்பாய்க்காக வைத்த ஜன்னல் நாடு முழுவதும் திறந்துகொண்டது. எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. கலிபோர்னியாவில் ஸான் லூயி ஒபிஸ்போ என்ற ஊர் 1982-லேயே இந்தக் கடைகள் கூடாதென்று தடுத்துவிட்டது. 2019 ஆகஸ்டில் மினியாபோலிஸ் நகரசபை, இருப்பவை இருக்கட்டும், புதிதாக ஒன்றுகூட வேண்டாம் என்று தீர்மானித்தது. நடந்து செல்வோரின் பத்திரம், சத்தம், புகை ஆகியவை காரணம். அதே நகரசபை 2018 டிசம்பரில் இன்னொரு காரியமும் செய்திருந்தது. ஒரு மனைக்கு ஒரு குடும்பம்தான் என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கும் திட்டத்தை நிறைவேற்றியது. வீட்டுப் பகுதிக்குள் வாடகைக் குடும்பத்துக்கு வழிவிட்டு, கார் வரிசைக்கு வழியடைத்தது. என்னைக் கேட்டால், யூக்ளிட் தீர்ப்பில் ஒன்றாகக் கட்டிப்போட்ட இரண்டு பொருள்களை அந்த ஊர்தான் பிரித்தெடுத்துப் பார்த்தது என்பேன்.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நடக்க முடியாத முதியவர், பின்னிருக்கையில் தூங்கும் குழந்தையை விட்டு இறங்க முடியாத தாய், ஊனமுற்றவர், இவர்களுக்கு அந்த ஜன்னல் பேருதவி. 2020-இல் கொள்ளைநோய் வந்து சாப்பாட்டுக் கூடங்கள் மூடிக் கிடந்தபோது, எத்தனையோ பேருக்கு அந்த ஜன்னலே சமையலறையாக இருந்தது. வேலையும் வரியும் ஊருக்கு வேண்டாமா என்று அவர்கள் கேட்பதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆகவே, இத்தகைய தீர்மானத்தை நிறுத்துப் பார்க்க எனக்குத் தோன்றும் தராசு ஒன்றே ஒன்று. ஒரு ஊர் எதைத் தடுக்கிறது? ஒலிபெருக்கியையா, புகையையா, குறுக்கே நிற்கும் வண்டியையா? தாராளமாகத் தடுக்கட்டும். சுவர் எழுப்பச் சொல்லட்டும். இரவு பத்து மணிக்கு ஜன்னலை மூடச் சொல்லட்டும். ஆனால் சத்தம் வேண்டாம் என்ற வாயாலேயே இன்ன மாதிரி மனிதர் வேண்டாம் என்றும் சொன்னால், அங்கே ஸான் பிரான்ஸிஸ்கோ அதிகாரிகளின் கை மறுபடி நீளுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. நிலம் உள்ளவருக்கு நோட்டீஸ் போகிறது என்றேன். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவருக்குப் பல ஊர்களில் போவதில்லை. ஒலிபெருக்கி மட்டும் இருவர் காதிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. பணக்காரத் தெரு நகரசபைக்குப் படையெடுத்து வந்து கடையை விரட்டிவிடுகிறது. விரட்டப்பட்ட கடை, பேச ஆளில்லாத தெருவாகப் பார்த்துப் போய் உட்காருகிறது. கோடு அங்கேயும் ஒரு வேலை செய்கிறது. காப்பாற்றுகிற வேலை அல்ல அது.

யூக்ளிட்டின் 68 ஏக்கர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அத்தனை வாதாடிக் காப்பாற்றிய அந்த நிலம் வெகுகாலம் வெறுமனே கிடந்தது. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. அந்த மண்ணிலே தொழிற்சாலைதான் எழுந்தது.