விலங்குகளின் மொழியறிந்த மருத்துவரும் டைட்டஸ் தொட்டவத்தவும்

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி டைட்டஸ் தொட்டவத்த தமது 82ஆவது வயதில் காலமானார். சிங்களத் திரையுலகம் தனது முன்னோடிப் படத்தொகுப்பாளர்களுள் ஒருவரை இழந்தது. எனினும் அவருக்காக வருந்தியவர்களுள் பலர் அவருடைய படத்தொகுப்பைப் பற்றி ஏதும் அறியாதவர்கள். எண்பதுகளில் பாடசாலை விட்டு வந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன் குந்திய பிள்ளைகளே, வளர்ந்தபின் தங்கள் பால்யத்தை வழியனுப்புவதுபோல் அவரை வழியனுப்பினர்.

தமிழ் வாசகர் இவரை ஏன் நினைக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். அதற்கான விடை சற்றுச் சிக்கலானது.

அரசாங்கத் திரைப்படப் பிரிவில் தொழில் பயின்ற தொட்டவத்த, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக் ஆகியோருடன் அரசாங்கப் பணியைத் துறந்து வெளியேறியவர். இம்மூவரின் கூட்டுழைப்பில் 1956இல் வெளிவந்தது 'ரேகாவ'. சிங்கள சினிமாவைத் தென்னிந்திய ஸ்டூடியோக்களின் சாயலிலிருந்து விடுவித்த படம் அது. அதே 1956இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. ஒரு மொழியின் கலை தன் காலில் எழுந்து நின்ற ஆண்டும், அம்மொழியின் பெயரால் இன்னொரு மொழி ஒதுக்கப்பட்ட ஆண்டும் ஒன்றே. பின்வரும் கதையை இந்த முரணை மறவாமல் படிக்க வேண்டும்.

1979இல் தொட்டவத்த சிறுவர்களுக்காக இயக்கிய 'ஹந்தயா' என்ற படம் மறு ஆண்டு இத்தாலியின் ஜிஃபோனி சிறுவர் திரைப்பட விழாவில் விருது பெற்றது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி, ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, மொழிமாற்றுப் பிரிவை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. திரையில் தோன்றி 'பிள்ளைகளே' என்று அழைத்த தொகுப்பாளர் அல்லர் அவர். திரைக்குப் பின்னால் நின்று, ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுக்குக் குரல் கொடுத்தவர்.

அவர் செய்தது வெறும் மொழிபெயர்ப்பன்று. அமெரிக்க முயலான பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. டாக்டர் டூலிட்டில், நல்ல மனம் கொண்ட மருத்துவர் எனப் பொருள்படும் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆனார். பெயரிலிருந்து கேலி வரை அனைத்தும் உள்ளூர்ச் சரக்காகின. மொழிமாற்றத்தில் உதட்டசைவுக்குள் சொல் அடங்க வேண்டும். அடங்கிய சொல்லில் சிரிப்பும் பிழைக்க வேண்டும். படத்தொகுப்பு மேசையில் பல்லாண்டு வினாடிகளை எண்ணிப் பழகியவருக்கே அது கைகூடும்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் இருக்கிறது மடுல்கெல்ல. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், பின்னர் தேயிலையோடு வேரூன்றிய பிரதேசம் அது. 1979இல் தொடங்கிய முதல் தொலைக்காட்சி கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் ரூபவாஹினியின் கோபுரம் எழுந்த பின்னரே மலைநாட்டுக்குப் படம் வந்தது. மின்சாரம் எட்டாத லயங்களில் வாகன பற்றரியில் பெட்டி ஓடியது. ஒரு வீட்டுப் பெட்டிக்கு முன்னால் முழு லயமும் கூடியது.

அன்று தமிழுக்கெனத் தனி அலைவரிசை இல்லை. ஒரே அலைவரிசையின் நேரத்தை மூன்று மொழிகள் பங்கிட்டன, பெரும்பங்கு சிங்களத்துக்கே. ஆகவே தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகளும் தொட்டவத்தவின் சிங்களத்தில்தான் சிரித்தார்கள். பாடப்புத்தகம் கற்பிக்காத சிங்களத்தை ஒரு முயலிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்றாலும் மிகையன்று. இது அவர் அறியாமலே அவர்களுக்குக் கிடைத்த கொடை. தம் மொழியில் அத்தகைய ஒருவர் இல்லாது போனது அவர்களுக்கு நேர்ந்த இழப்பு.

தமிழுக்கு அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியும், அதை நடத்திய 'வானொலி மாமா' சரவணமுத்துவும் ஒரு காலத்தின் நினைவுகள். பின்னாளில் உலகத் தமிழர் அறிந்த அறிவிப்பாளரான பி. எச். அப்துல் ஹமீத் சிறுவனாக நுழைந்ததும் அந்த வாசல் வழியாகவே. ஆனால் வானொலியில் இருந்த மாமா தொலைக்காட்சிக்கு இடம்பெயரவில்லை. ரூபவாஹினி பிறந்த மறு ஆண்டே 1983 ஜூலை வந்தது. தமிழை ஆட்சிமொழியென ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம் 1987இலும், சக்தி தொலைக்காட்சி 1998இலும் வந்தன. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்திருந்தது.

2003இல் அமெரிக்காவில் பிரெட் ரோஜர்ஸ் மறைந்தபோது அந்நாடு தன் அண்டை வீட்டாரை இழந்ததுபோல் துயருற்றது. 1969இல் செனட் குழுவின் முன் தோன்றி, பிள்ளைகளின் மனத்துக்காகப் பொதுத் தொலைக்காட்சிக்கு நிதி கேட்டு வாதாடியவர் அவர். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி மிச்ச நேரத்தை நிரப்பும் பண்டமன்று என்பதை அவர் வாதத்தால் நிறுவினார். தொட்டவத்த உழைப்பால் நிறுவினார்.

டாக்டர் டூலிட்டிலின் பிறப்பும் இங்கு நினைக்கத்தக்கது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்த ஹியூ லொஃப்டிங், போர்ச் செய்தி பிள்ளைகளுக்கு எழுதத் தகாதது என்று கருதி, விலங்குகளின் மொழியறிந்த மருத்துவரைப் பற்றிய கதைகளை அவர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். ஒரு போரில் பிறந்த அந்த மருத்துவர் இன்னொரு போர் நடந்த நாட்டில் சிங்களம் பேசினார். கிளியோடும் நாயோடும் உரையாடத் தெரிந்த அவருக்கு, அந்நாட்டின் மற்றொரு மொழியையும் கற்பிக்க அரசுக்கு மனம் வரவில்லை.

அந்தக் குறையைத் தொட்டவத்தவின் மீது சுமத்துவது அநியாயம். தம் மொழிப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதை அவர் செம்மையாகச் செய்தார். அதே அளவு அக்கறையுடன் தமிழிலும் ஒரு பிரிவை அமைக்காதவர்களே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மடுல்கெல்ல போன்ற ஊர்களில் அவருடைய சிங்களத்தில் சிரித்து வளர்ந்தவர்கள் அவருக்கு நன்றி சொல்வதில் தயங்க வேண்டியதில்லை. தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் அத்தகைய குரல் வேண்டும் என்று கேட்பதிலும் தயங்க வேண்டியதில்லை.