குப்பைக்குழியில் கிடந்த வாஃபிள் கல்

வாஃபிள் கல் என்பது நம்மூர்ப் பணியாரக் கல்லுக்குத் தூரத்து உறவு. கீலால் இணைந்த இரண்டு இரும்புத் தட்டுகள். உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுர முட்டுகள். மாவை ஊற்றி மூடிச் சுட்டால், கட்டம் கட்டமாகக் குழி விழுந்த அடை ஒன்று வெளியே வரும். அப்படி ஒரு கல், 1936இல் பில் போவர்மன், பார்பரா தம்பதிக்குத் திருமணப் பரிசாக வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதற்கு இருந்த ஒரே வேலை, காலைப் பலகாரம்.

போவர்மன், அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 24 ஆண்டுகள் தடகளப் பயிற்சியாளராக இருந்தவர். அவருக்கே ஓடக் கற்றுக்கொடுத்த பில் ஹேவர்ட், 1904இலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வேலையைப் பார்த்தவர். யூஜீன் நகரிலுள்ள பல்கலைக்கழக மைதானம் இன்றும் அவர் பெயரில்தான் ஹேவர்ட் ஃபீல்டு என்று வழங்குகிறது. குருவும் சீடருமாக ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். 1962, 1964, 1965, 1970 என நான்கு முறை போவர்மனின் அணி தேசியக் கல்லூரிகள் பட்டத்தை வென்றது. அவரிடம் பயின்ற ஓட்டிஸ் டேவிஸ், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 44.9 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார்.

பட்டங்களைவிட என்னை ஈர்ப்பது அந்த மனிதரின் செருப்புத் தைக்கும் கைகள்தான். கடையில் கிடைத்த ஓட்டக் காலணிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. மாணவர்களின் காலுக்குத் தானே வெட்டி, ஒட்டி, தைத்துக் கொடுப்பார். கங்காரு தோலையும் மீன் தோலையும்கூட வைத்துப் பார்த்தார். அவரிடம் கணக்கு ஒன்று இருந்தது: ஆறடி எட்டு வைப்பவன் ஒரு மைலுக்கு 880 எட்டு வைக்கிறான், காலணியில் 28 கிராம் குறைந்தால், ஒரு மைலில் அவன் கால்கள் ஏறக்குறைய 25 கிலோ குறைவாகச் சுமக்கின்றன. அந்தச் சோதனைகளுக்கு முதலில் காலைக் கொடுத்த மாணவர்களில் ஒருவர் பில் நைட். 1964இல் ஆசிரியரும் மாணவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கிய காலணி வியாபாரம்தான் பின்னாளில் நைகி ஆனது.

கல்லின் வாழ்க்கை மாறியது 1971 வாக்கில். ஹேவர்ட் ஃபீல்டில் பழைய கரித்தூள் ஓடுபாதை போய், யூரித்தேன் என்ற ரப்பர் போன்ற செயற்கைப் பொருளாலான பாதை வந்திருந்தது. ஆணி இல்லாமலே அதில் வழுக்காமல் பற்றிக்கொள்ளும் அடிப்பாகம் வேண்டும் என்று போவர்மன் யோசித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலை பார்பரா சுட்டது வாஃபிள். தட்டிலிருந்த கட்டங்களைப் பார்த்தவருக்கு, அதே வடிவம் காலணிக்கு அடியில் இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய் யூரித்தேனை ஊற்றினார். தோசைக்கல்லில் எண்ணெய் தடவ மறந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அவரும் ஒட்டாமல் இருக்கத் தடவ வேண்டியதைத் தடவவில்லை. இரண்டு தட்டுகளும் இறுகப் பிடித்துக்கொண்டன. மறுபடி திறக்கவே இல்லை.

அவர் விடவில்லை. இன்னொரு கல்லை வாங்கி அதில் பிளாஸ்டரை ஊற்றி அச்செடுத்தார், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் எஃகுத் தகட்டில் துளைகள் போட்டு எடுத்த அச்சுதான் கைகொடுத்தது என்று பில் நைட் ‘ஷூ டாக்’ நூலில் எழுதியிருக்கிறார். 1972இல் யூஜீனில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்காக, வாஃபிள் அடிப்பாகத்துடன் ஏறக்குறைய ஒரு டஜன் ஜோடிகள் கையால் செய்யப்பட்டன. அவற்றில் ஒரு ஜோடி 2019 ஏலத்தில் 4,37,500 டாலருக்குப் போனது. 1974இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு வாஃபிள் காலணி கடைகளுக்கும் வந்தது.

இந்தக் கதையில் எனக்கு மனம் கனக்கும் இடம் ஒன்று உண்டு. காற்றோட்டம் இல்லாத பட்டறையில் பசையின், கரைப்பான்களின் நெடியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததில் போவர்மனின் கால் நரம்புகள் கெட்டன. தான் செய்த காலணியைப் போட்டுக்கொண்டு அவரால் ஓட முடியாமல் போனது. 1999இல் காலமானார்.

திறக்காத கல் என்ன ஆயிற்று? ஊருக்கு வெளியே இருந்த வீடு அது. வேண்டாத சாமான்களைத் தோட்டத்துக் குழியில் போட்டு மூடுவது வழக்கம். கல்லும் அந்தக் குழிக்குள் போயிற்று. 2010இல், பழைய பட்டறை இருந்த பக்கம் குடும்பத்தார் தோண்டியபோது, துருவேறி உடைந்த நிலையில் அது வெளியே வந்தது.

மைதானமும் இதற்குள் உருமாறிவிட்டது. பழைய மரக் கூரைப் பார்வையாளர் மாடத்தை 2018இல் இடித்தார்கள்; பலருக்கு அது தாங்க முடியாத வருத்தம். 2020இல் புது ஹேவர்ட் ஃபீல்டு எழுந்தது. 2022 ஜூலையில் அமெரிக்காவின் முதல் உலகத் தடகளப் போட்டி அங்கேதான் நடந்தது. நம் நீரஜ் சோப்ரா ஈட்டியை 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றதும் அதே மைதானத்தில்தான்.

கல் இப்போது ஆரிகனில் பீவர்ட்டன் அருகே உள்ள நைகி தலைமையகத்தில் இருக்கிறது. துருவைச் சுரண்டாமல், மண்ணிலிருந்து வந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.