பெருங்களத்தூருக்கு வந்த இத்தாலியக் கோடுகள்

பீர்க்கன்கரணைக்கு அடுத்த பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையோரம் இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கும் வளாகம் ஒருகாலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை. சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் 1948இல் கூட்டுச் சேர்ந்ததில் பிறந்த நிறுவனம் அது. வான்கார்டில் தொடங்கி எய்ட், டென், பென்னன்ட் என்று அங்கே பூட்டிய வண்டிகளை வைத்து, பிரிட்டிஷ் கார்களுக்கு ஓர் இந்தியக் கிளை என்றே அதைப் பற்றி எழுதுவது வழக்கம். தவறில்லை, ஆனால் பாதிதான். அந்த ஆலையின் மிகப் பிரபலமான காரான ஹெரால்டும், கடைசிக் காரான ஸ்டாண்டர்ட் 2000மும் தோற்றத்தில் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உறவு. அப்படியிருந்தும் இந்தப் பக்கத்தில் ஒரு ஃபெராரி வேண்டாம், ஓர் அபார்த் போன்ற சிறு பட்டறையாவது ஏன் முளைக்கவில்லை? விளையாட்டாகத் தோன்றும் கேள்விதான். இத்தாலியில் அந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று பார்த்துவிட்டுக் கேட்டால் விளையாட்டாக இருக்காது.

ஹெரால்டை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோத்தி. விக்னாலே பட்டறைக்காக 1950களின் தொடக்கத்தில் ஃபெராரிகளுக்கு உடற்கூடு வரைந்த கை அது. பின்னாளில் மஸெராட்டிக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் வரைந்தது. 1957இல் இங்கிலாந்து ஸ்டாண்டர்ட், அதாவது ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப், அவரை அழைத்தபோது நிறுவனம் ஓர் இக்கட்டில் இருந்தது. அதற்கு உடற்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போயிருந்தது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. ஆகவே, மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த தனிச் சேசிஸ் முறைக்கே திரும்பி, அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும் தகடுகளாக உடலைப் பிரித்தார்கள். முன்பக்கம் முழுவதும் பானெட்டோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும் அந்த அமைப்பு ஹெரால்டைத் தெரிந்த எவருக்கும் மறக்காது. வேறு வழியின்றிச் செய்த இந்த ஏற்பாடு, பெட்டிகளில் பாகங்களாகக் கப்பலேறி வேறு நாட்டில் பூட்டுவதற்கு வெகு வசதியாக அமைந்தது. 1959இல் இங்கிலாந்தில் வெளியான கார் 1961இல் பெருங்களத்தூரிலிருந்தும் வரத் தொடங்கியது.

குடும்பக் காரான ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் கதையில் சேர்ப்பது இழுத்துக் கட்டுவது ஆகாதா என்று கேட்கலாம். 948 சி.சி. இயந்திரம் யாரையும் பயமுறுத்தாது என்பது உண்மை. ஆனால் அதே மிக்கெலோத்தி, அதே ஹெரால்டின் சேசிஸைக் கொஞ்சம் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடலை வைத்தபோது கிடைத்ததுதான் 1962இன் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அடித்தளம் ஒன்றே. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அதன்மேல் ஸ்போர்ட்ஸ் கார் ஏறியது, பெருங்களத்தூரில் ஏறவில்லை. இங்கிருந்த பொறியாளர்களுக்குத் திறமை போதவில்லை என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை அவர்களே உருவாக்கினார்கள். திருப்பத்தில் வேகமாகப் போனால் சிக்கல் தரும் பின் அச்சு அமைப்பை எடுத்துவிட்டு, சாதாரணத் திட அச்சை வைத்து, 1972இல் கசெல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். சேசிஸையும் உடலையும் பிரித்து மாற்றத் தெரிந்த இடம் அது.

இத்தாலியில் நடந்ததைப் பார்ப்போம். 1929இல் மொதேனாவில் என்ஸோ ஃபெராரி தொடங்கியது கார் நிறுவனமல்ல, ஆல்ஃபா ரோமியோ கார்களை ஓட்டிய பந்தய அணி. ஆல்ஃபாவை விட்டு வந்தபின் 1940இன் மில்லே மில்யா பந்தயத்துக்காக அவர் இரண்டு கார்கள் கட்டினார். 815 என்று பெயர். எட்டு சிலிண்டர், 1.5 லிட்டர். அதன் இயந்திரத்திலும் அடிப்பாகத்திலும் பெரும்பகுதி ஃபியட் 1100இலிருந்து எடுத்தது. போருக்குப் பின் சிசிடாலியா தன் பந்தயக் கார்களையும் அபார்த், ஸ்டாங்குயெல்லினி போன்ற பட்டறைகள் தங்கள் வண்டிகளையும் ஃபியட் பாகங்களின் மேல்தான் நிறுத்தின. 1947இல் மரனெல்லோவிலிருந்து வந்த பன்னிரண்டு சிலிண்டர் 125 எஸ், ஃபெராரி என்ற பெயர் தாங்கிய முதல் கார். நம் ஊர் வாசகருக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு: அந்த ஃபியட் 1100இன் நேர் வாரிசுதான் பம்பாயில் பிரிமியர் பத்மினியாக ஓடியது. ஃபெராரியின் முதல் முயற்சிக்குக் கைகொடுத்த பாகங்களின் சந்ததி இங்கே டாக்ஸியாக வாழ்ந்தது.

ஃபெருச்சோ லம்போர்கினி இன்னும் பொருத்தமான சாட்சி. டிராக்டர் செய்து பணக்காரர் ஆனவர். தன் ஃபெராரியின் கிளட்ச் பற்றிக் குறை சொல்லப் போய் என்ஸோவிடம் அவமானப்பட்டதால்தான் கார் தொழிலில் இறங்கினார் என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள், எவ்வளவு உண்மையோ. கதையைவிட முக்கியமானது, 1963இல் அவர் முடிவெடுத்தபோது ஃபெராரியிலிருந்து வெளியேறியிருந்த பிஸ்ஸாரினி இயந்திரம் வரைய இருந்தார், மிலானின் டூரிங் பட்டறை உடல் கட்ட இருந்தது. மறுவருடமே 350 ஜி.டி. விற்பனைக்கு வந்துவிட்டது. பணம் வைத்திருந்த ஒருவர், பக்கத்து ஊர்களில் கிடைத்த கைகளைச் சேர்த்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்த காரியம். இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்களின் வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாகச் சொல்வது இந்த இடத்தில்தான் இடறுகிறது. ஒரு பெரிய ஆலையின் மலிவான பாகங்கள், அவற்றை வாங்கி மாற்றும் சுதந்திரம், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் தோற்றால் திங்கட்கிழமையே திருத்தும் சிறு பட்டறைகள்: இந்த மூன்றும் சேர்ந்ததன் விளைவே அந்தப் பெயர்கள்.

இங்கே பாகம் இருந்தது. பட்டறைகளும் இருந்தன, பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் துணை ஆலைகள், கோவையில் வார்ப்பாலைகள். பந்தயமும் இருந்தது: 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கி, போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. இல்லாதது நடுவில் உள்ள சுதந்திரம். 1951ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அப்போது உரிமம் வேண்டியிருந்தது. 1969 முதல் சில ஆண்டுகள் காரின் விலையையே அரசு நிர்ணயித்தது. ஹிந்துஸ்தான், பிரிமியர், ஸ்டாண்டர்ட் மூன்றும் அதில் சிக்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செலவு ஏறினாலும் விலையை ஏற்ற முடியாத ஆலை எதற்காக நூறு பேருக்கு மட்டும் ஒரு கார் செய்யும்?

இரண்டாவது இத்தாலியக் கோடு 1985இல் வந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரை வரைந்த டேவிட் பாஷ், அதன் முகத்தை ஃபெராரி டேட்டோனாவைப் பார்த்து அமைத்தவர். 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற அந்த உடல் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் 2000 ஆனது. உள்ளே ரோவரின் 3.5 லிட்டர் வி8 இல்லை. 1940களின் வான்கார்ட் இயந்திரத்தின் 1991 சி.சி. வடிவம், 80 சொச்சம் குதிரைத்திறன். இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரை இழுத்த அதே குடும்பத்து இயந்திரம். மொதேனாப் பக்கத்தில் டிராக்டர்காரர் ஸ்போர்ட்ஸ் கார் செய்தார். இங்கே ஸ்போர்ட்ஸ் கார் முகத்துக்குப் பின்னால் டிராக்டரின் பங்காளி உட்கார்ந்திருந்தது. மேடுபள்ளச் சாலைக்காக வண்டியையும் உயர்த்தினார்கள். அதற்கு முன்பே, 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டது. விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், வேகம் குறைவு என்றால் யார் வாங்குவார்? 1988இல் எல்லாம் முடிந்தது.

ஏழை நாட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்ன கேடு, அரசு தடுத்தது சரிதானே என்ற ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. அந்நியச் செலாவணி உண்மையிலேயே பற்றாக்குறை. ஆனால் 1947இன் இத்தாலியும் குண்டு விழுந்த நாடு. அங்கே அந்தக் கார்களை வாங்கியவர்கள் சிலர். அவற்றைச் செய்து பழகியவர்கள் பலர். ஃபெராரியின் பாதி 1969இல் ஃபியட்டுக்குப் போனது, லம்போர்கினி 1978இல் திவாலானது என்பதும் எதிர்வாதமாக வரலாம். நிறுவனங்கள் விழுந்தன, மறுக்கவில்லை. சுற்றியிருந்த பட்டறைகள் விழாததால்தான் யார் கைக்கு மாறினாலும் அந்தப் பெயர்களில் கார் வந்துகொண்டே இருந்தது. ஸ்டாண்டர்ட் விழுந்தபோது பின்னால் பாகம் செய்யும் ஆலைகள் இருந்தன, அப்படிக் கார் கட்டும் பட்டறைகள் இல்லை.

என் வாதத்துக்கு வலுவான சான்று கோவையில் கிடைக்கிறது. மாருதி 800 சந்தையில் நிறைந்தபின், எஸ். கரிவர்தன் அதன் இயந்திரத்தை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார். ஃபார்முலா மாருதி. 1940இல் என்ஸோ செய்ததும் இதுதான்: ஊரெங்கும் கிடைக்கும் மலிவான பாகம், ஒரு பட்டறை, ஒரு பந்தயம். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவரது வண்டியில் இங்கே பந்தயம் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.