எட்டுப் பேருக்குத்தான் விமான டிக்கெட்



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி மெசேஜ் அனுப்பியிருந்தாள். அவள் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. கூடைப்பந்து அணியில் எடுத்திருக்கிறார்களாம். வெளியூர் மேட்ச் என்றால் இரண்டு மூன்று நாள் வகுப்பு போய்விடும். வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். "விடலாமா மிஸ்?" என்று கேட்டிருந்தாள்.

யாரிடம் கேட்கிறாள் பாருங்கள்! போர்ஷன் முடியவில்லை என்று பி.டி. பீரியடையெல்லாம் கடன் வாங்கிப் பானிபட் போர் நடத்தியவளிடம். முப்பது வருஷத்தில் வாங்கிய பீரியடில் ஒன்றையாவது திருப்பிக் கொடுத்திருப்பேனா என்றால் இல்லை. நீங்கள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் நடத்தினேன்.

அவளுக்கு "விடு" என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் சரித்திர டீச்சருக்கு ஒரு சொல்லில் மனசு ஆறாது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் போகிறது. அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியின் 1971-72 ஆட்டப் பருவம்தான் கதை.

கல்லூரியின் பெயர் இம்மாக்குலேட்டா. நம்மூர்க் கிறிஸ்தவர்கள் அமலோற்பவம் என்று பெயர் வைப்பார்களே, அதே பொருள்தான். ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கு மேற்கே, வயலும் மேடுமான பகுதி. சுமார் எண்ணூறு மாணவிகள். அவர்களுடைய விளையாட்டுக் கூடம் 1967 நவம்பரில் தீப்பிடித்து எரிந்துபோனது. அதன்பிறகு பயிற்சிக்கு இடமில்லை. பக்கத்தில் சிஸ்டர்களின் மடத்தில் இருந்த ஒரு சிறிய ஜிம்மில்தான் விளையாடிப் பழகினார்கள். சொந்த ஊரில் மேட்ச் நடத்தக் கோர்ட் கிடையாது, எப்போதும் அடுத்தவர் கோர்ட்தான்.

1970 இல் அந்த அணிக்குக் கோச்சாக வந்தவர் கேத்தி ரஷ். அவருக்கே அப்போதுதான் இருபது தாண்டியிருந்தது. ஒரு பருவத்துக்குச் சம்பளம் 450 டாலர். மாதத்துக்கு அல்ல, முழுப் பருவத்துக்கும். அவருடைய கணவர் தொழில்முறை கூடைப்பந்தில் நடுவராக இருந்தவர். ஆண்கள் ஆடும் வேகமான ஆட்டத்தை அருகிலிருந்து பார்த்துப் பழகிய கேத்தி, அதையே இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். பெரிய விஷயம்தான். கூடைப்பந்தை நெய்ஸ்மித் உருவாக்கியது 1891 இல். மறு வருஷமே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் பெண்கள் அதிகம் ஓடினால் உடம்பு தாங்காது, அடிதடி நாகரிகக் குறைவு என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. அதனால் கோர்ட்டை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அவரவர் கட்டத்துக்குள்தான் ஆட வேண்டும். எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. நம் பாண்டி ஆட்டத்தில்கூட இதைவிடச் சுதந்திரம் உண்டு! பிறகு கட்டம் மூன்றிலிருந்து இரண்டானது, விதிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. ஆனாலும் ஐந்து பேரும் முழுக் கோர்ட்டிலும் ஓடலாம் என்பது கல்லூரிப் பெண்களுக்கு நிரந்தர விதியானது 1971 இல்தான். எண்பது வருஷம் ஆகியிருக்கிறது, ஒரு கோட்டைத் தாண்ட. கேத்தியின் பெண்கள் கோப்பைக்கு ஆடியது அந்த விதி வந்த முதல் பருவத்தில்.

சரி, இந்தப் பெண்கள் யார்? எனக்குக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள், நடுத்தரக் குடும்பங்கள். வீட்டில் பிள்ளைகள் அதிகம். அண்ணன் தம்பிகளோடு சந்தில் பந்து தட்டி, அவர்கள் முழங்கையில் இடி வாங்கி வளர்ந்தவர்கள். அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு பங்குக் கோவிலுக்கும் ஒரு கூடைப்பந்து அணி இருக்கும். பெண்களுக்கும் சிறு வயதிலிருந்தே போட்டிகள் உண்டு. கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குள் லீக் ஆட்டம் நடக்கும். மற்ற ஊர்களில் பெண் பிள்ளை பந்தைத் தொட்டாலே முகம் சுளித்த காலத்தில், இங்கே மட்டும் சிஸ்டர்களே வரிசையில் நிறுத்தி ஆடவைத்தார்கள். இம்மாக்குலேட்டா 1930களின் கடைசியிலிருந்தே வெளிக் கல்லூரிகளோடு ஆடிவந்த கல்லூரி. வெளியே இருந்தவர்களுக்குத்தான் இந்த அணி வானத்திலிருந்து குதித்த மாதிரி தெரிந்தது.

அணியின் தூண் தெரேசா ஷாங்க். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மேரிலாந்தில் வேறொரு கல்லூரிக்குப் போவதாக இருந்தவர். குடும்பம் குடியிருந்த வீடு எரிந்துபோனது. அந்த நிலைமையில் வீட்டைவிட்டுத் தூரம் போக முடியாமல், போய்வரும் தூரத்தில் இருந்த இம்மாக்குலேட்டாவில் சேர்ந்தார். கல்லூரியின் கூடம் எரிந்தது ஒரு தீ, இவர் வீடு எரிந்தது ஒரு தீ. இரண்டாவது தீ இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

இன்னொருவர் ரெனே மூத். அவருடைய அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. அவர் கடையிலிருந்து இரும்பு வாளிகளையும் மரக்கட்டைகளையும் கொண்டுவந்து ஆட்டம் பார்க்க வந்தவர்களிடம் கொடுத்துவிடுவார். முழு அங்கி, தலையில் முக்காடு, கையில் வாளி. சிஸ்டர்கள் தட்டுகிற தட்டில் கூடமே அதிரும். எதிரணிப் பெண்கள் மிரண்டுபோவார்களாம். நம் பள்ளி சிஸ்டர்களைக் கொஞ்சம் அப்படிக் கற்பனை செய்து பாருங்கள். நான் செய்து பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார்.

உடையும் சொல்ல வேண்டும். மடிப்பு வைத்த கம்பளித் துணியில் கவுன் மாதிரி ஒன்று, உள்ளே ரவிக்கை. கம்பளி! அதைப் போட்டுக்கொண்டுதான் முழுக் கோர்ட்டும் ஓடினார்கள்.

அந்தப் பருவத்தில் தோற்காமல் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு மண்டலப் போட்டியின் இறுதியில் ஓர் அடி விழுந்தது. அடித்தது பக்கத்து ஊர் வெஸ்ட் செஸ்டர் அணி. அது உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்குவதில் பேர்போன அரசுக் கல்லூரி. 1969 இல் பெண்களுக்கான முதல் தேசிய அழைப்புப் போட்டியை நடத்திக் காட்டிய கேரல் எக்மன் அங்கேதான் கோச்சாக இருந்தார். கேத்தி ரஷ் படித்ததும் அதே கல்லூரியில்தான். படித்த வீட்டிலேயே உதை. வித்தியாசம் 32 புள்ளி.

தோற்றாலும் மண்டலத்தில் இரண்டாம் இடம் என்பதால் தேசியப் போட்டிக்குத் தகுதி கிடைத்தது. இலினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில் போட்டி. பெண்கள் விளையாட்டுக்கென்று புதிதாக ஏற்பட்ட ஏ.ஐ.ஏ.டபிள்யூ. சங்கம் நடத்திய முதல் தேசியப் போட்டி அது. பதினாறு அணிகள், தரவரிசையில் இவர்கள் பதினைந்தாவது. போய்வரக் கல்லூரியிடம் பணம் இல்லை. டூத் பிரஷ் விற்று நிதி சேர்த்தார்கள். அப்படியும் எட்டு ஆட்டக்காரர்களுக்குத்தான் விமான டிக்கெட் எடுக்க முடிந்தது, அதுவும் இடம் காலியிருந்தால் ஏற்றிக்கொள்ளும் ஸ்டாண்ட்பை டிக்கெட். மற்றவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். பருவம் முழுக்கக் கூடவே பயிற்சி செய்துவிட்டு விமானம் ஏறாமல் நின்ற அந்தப் பெண்களைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எட்டுப் பேர், நான்கு ஆட்டம், எல்லாம் ஒரே வாரக் கடைசியில். முதலில் சவுத் டகோட்டா அணியை வென்றார்கள். அடுத்து இண்டியானா, இரண்டே புள்ளி வித்தியாசம். அரையிறுதியில் முந்தைய வருஷத்து சாம்பியன் மிசிசிப்பிப் பெண்கள் கல்லூரி, 46-43. இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்றது யார்? அதே வெஸ்ட் செஸ்டர். சில நாளைக்கு முன்னால் 32 புள்ளியில் நசுக்கியவர்கள்.

1972 மார்ச் 19. இம்மாக்குலேட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48.

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் சினிமா. சினிமாவும் எடுத்துவிட்டார்கள், 'தி மைட்டி மேக்ஸ்' என்று. சரித்திரம் இதற்குப் பிறகுதான் சுவாரசியமாகிறது.

மூன்று மாதம் கழித்து, 1972 ஜூன் 23 அன்று, டைட்டில் நைன் என்ற சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையத்திலும் ஆண் பெண் என்று பாகுபாடு கூடாது என்ற சட்டம். அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் அமெரிக்கப் பெண்களின் விளையாட்டைத் தலைகீழாக மாற்றியது அதுதான்.

அதுவரை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. ஒரு விதி வைத்திருந்தது. விளையாட்டுக்காக உதவித்தொகை வாங்கும் பெண் தேசியப் போட்டியில் ஆட முடியாது. அந்தச் சங்கத்தை நடத்தியவர்கள் நம்மைப் போன்ற டீச்சர்கள். ஆண்கள் விளையாட்டில் பணம் புகுந்து படிப்பு கெட்டதைப் பார்த்துப் பயந்தவர்கள், நல்லெண்ணத்தில் போட்ட விதி. 1973 இல் ஃப்ளோரிடாவின் டென்னிஸ் வீராங்கனைகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஆண்களுக்குக் கிடைப்பது எங்களுக்கு ஏன் கிடையாது? சங்கம் விதியை விட்டுக்கொடுத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். உதவித்தொகை இல்லாத காலத்தில் நல்ல ஆட்டக்காரிக்குத் தூரத்துப் பல்கலைக்கழகம் போகக் காரணமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் சேர்ந்தாள். அதனால்தான் ஒரு பெருநகரத்துத் திறமை இந்த எண்ணூறு பேர் கல்லூரியில் வந்து குவிந்தது. பெண்களுக்கு வாய்ப்பு இல்லாததுதான் இம்மாக்குலேட்டாவின் பலம். வாய்ப்பு வந்ததும் அந்தப் பலம் போயிற்று.

உடனே போய்விடவில்லை. 1973, 1974 இரண்டு வருஷமும் கோப்பை இவர்களுக்கே. 1975 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் முதன்முறையாகப் பெண்கள் ஆட்டம் நடந்தது, பார்க்க வந்தவர்கள் கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் பேர். ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று இம்மாக்குலேட்டா. ஆனால் அதே வருஷம் இறுதியாட்டத்தில் மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் இவர்களை 90-81 என்று வென்றது.

அந்த அணியின் லூசியா ஹாரிஸ் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். மிசிசிப்பிக் கிராமத்துக் கறுப்பினக் குடும்பம், பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. கோச் மார்கரெட் வேட் இளம் வயதில் அதே கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோது, பெண்களுக்கு இது ஆகாது என்று அணியையே கலைத்துவிட்டார்கள். அழுதுகொண்டே சீருடையைக் கொளுத்தினார்களாம். நாற்பது வருஷம் கழித்து அணி மறுபடி தொடங்கியபோது அதே வேட் கோச்சாக வந்து நின்றார். அவர்களிடம் இம்மாக்குலேட்டா தோற்றதில் எனக்கு வருத்தமே வரவில்லை. 1976 இலும் இறுதியாட்டத்தில் அவர்களிடமே தோற்றார்கள். மறு வருஷம் கேத்தி ரஷ் விலகினார். வெற்றி 149, தோல்வி 15. 1982 இல் ஆண்கள் சங்கமான என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டியை நடத்தத் தொடங்க, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. மூடப்பட்டது. சின்னக் கல்லூரிகள் ஓரமாகிவிட்டன.

ஆட்டக்காரிகள் ஓரமாகவில்லை. தெரேசா 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கே கோச். 1972 இறுதியில் வந்து சேர்ந்த மேரியன் கிராஃபோர்டு பின்னாளில் ஓல்டு டொமினியன் அணிக்கு மூன்று தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். பிறகு கலிஃபோர்னியாவில் ஆண்கள் கோச்சுக்குச் சமமான சம்பளம் கேட்டார். மறுத்ததும் வழக்குக்குப் போய்த் தோற்றார். 450 டாலர் கோச்சிடம் படித்தவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

வாளிக் கடைக்காரரின் மகள் ரெனே, பென் ஸ்டேட்டில் இருபத்தேழு வருஷம் கோச். ஆனால் ஒருபால் ஈர்ப்புள்ள பெண்களுக்குத் தன் அணியில் இடமில்லை என்று வைத்திருந்தார். அது வழக்குவரை போய், 2007 இல் பதவி விலகினார். எண்பது வருஷக் கோட்டைத் தாண்டி வந்தவர், தான் ஒரு கோடு கிழித்தார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சரித்திர டீச்சர் இல்லை.

1972 முதல் 1974 வரை ஆடிய அந்த மொத்த அணியையும் 2014 இல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். தனிநபராக அல்ல, அணியாக. அதனால் விமான டிக்கெட் கிடைக்காதவர்களும் அதில் உண்டு.

கேள்வி கேட்ட என் பிள்ளைக்கு: மகளின் முதல் மேட்ச் என்றைக்கு, எந்த ஊரில் என்று எழுது. இரண்டு மணி நேர பஸ் தூரம் என்றால் நான் வருகிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய இரும்பு வாளி சும்மாதான் கிடக்கிறது.