பிரேக் கீச்சொலியின் கதை

பிரேக் பேட் மாற்றிய பின்னும் கார் கீச்சிடுவது புதிய தொல்லை அன்று. 1902இல் இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதன் செப்புப் பேடுகள் உலோகத் தட்டில் உரசி அலறின. 1907இல் ஹெர்பர்ட் ஃபுரூட் பேடுகளுக்குக் கல்நார்ப் பூச்சு கொடுத்து அதை அடக்கினார். ஆனால் கல்நார்த் தூசு தொழிலாளரின் நுரையீரலை அரித்தது. அது உறைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

தமிழகத்து பிரேக் தொழிலின் வேர் பேருந்தில் இருக்கிறது. 1912இல் தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடத்தில் பேருந்து விட்ட டி. வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமமே பிற்பாடு பிரேக்ஸ் இந்தியா (1962), சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் (1974) நிறுவனங்களைத் தொடங்கியது.

கல்நார் போனதும் எஃகு இழை கலந்த பேடுகள் வந்தன. கூடவே கீச்சொலியும் திரும்பியது. பேடும் டிஸ்க்கும் சேர்ந்து அதிர்வதே காரணம். காலிப்பர் ஊசிகளைத் துடைத்து, பேடின் முதுகில் மட்டும் பிரேக் கிரீஸ் தடவி, அதிர்வு தாங்கும் ஷிம் வைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். உரசும் முகத்தில் கிரீஸ் பட்டால் பிரேக்கே பிடிக்காது. அதன்பின் மிதமான வேகத்தில் ஓட்டி, இடைவெளி விட்டுப் பலமுறை மெல்லப் பிரேக் போட்டால் புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்திவிடும்.