நீலகிரி தைலம் முதல் அத்தர் வரை: வாசனை எண்ணெய்களை எப்படிப் பயன்படுத்துவது?

சத்தியமங்கலத்திலிருந்து ஊட்டி, கோத்தகிரி போய்த் திரும்பும் குடும்பங்களின் பையில் வர்க்கியோடு ஒரு தைலப் பாட்டிலும் இருக்கும். சளிக்கும் தலைவலிக்கும் அதுதான் முதல் மருந்து. தலையணையில் இரண்டு சொட்டு, ஆவி பிடிக்கும் சட்டியில் நான்கு சொட்டு என்று பழகிவிட்டதால் அதன் வீரியத்தை யாரும் யோசிப்பதில்லை.

ஏறத்தாழ நூறு கிலோ யூகலிப்டஸ் இலையை ஆவியில் வடித்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் எண்ணெய் கிடைக்கும். நம் சத்தி மல்லிகையில் அதுவும் இல்லை. மார்க்கெட்டில் விலை இறங்கும்போது சென்ட் ஃபேக்டரிக்குப் போகும் பூவில், ஆயிரம் கிலோவுக்குச் சில கிலோ அளவில்தான் மெழுகு போன்ற வாசனைச் சாறு தேறும். ஒரு சொட்டில் எவ்வளவு இலையும் பூவும் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். "இயற்கைதானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தலைமையில், தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு வலிப்புடன் வந்த பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. 350 பேரில் 55 பேருக்கு, வலிப்புக்கு முன் யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த எண்ணெயையோ தைலத்தையோ பயன்படுத்திய தொடர்பு தெரிந்தது. தைலம் தடவும் எல்லோருக்கும் வலிப்பு வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் இவ்விரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மூக்கிலோ நெஞ்சிலோ யூகலிப்டஸ், கற்பூரம், புதினா எண்ணெய்களைத் தடவாதீர்கள், மூச்சு திணறலாம். நீலகிரி தைலத்தை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி குடித்தாலே குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கு விற்கும் வின்டர்கிரீன் எண்ணெய் அதைவிட மோசம். அதன் 5 மில்லியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான மருந்து இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர்கள் அதைத் தடவும் முன்பும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

நம்மிடையே ஒரு குழப்பமும் உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வருவதால், "எண்ணெய்" என்றாலே குடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கருஞ்சீரக எண்ணெய் செக்கில் ஆட்டுவது போலப் பிழிந்தெடுப்பது. அரோமாதெரபி எண்ணெய் வடித்தெடுத்த சாறு. இரண்டும் வேறு. சிறு பாட்டிலில் வரும் வாசனை எண்ணெயை டாக்டர் சொல்லாமல் உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

நறுமணம் நபி (ஸல்) அவர்களுக்கு மிகவும் பிரியமானது. ஜும்ஆவுக்குக் குளித்து நறுமணம் பூசுவது ஆண்களுக்குச் சுன்னத். ஆனால் மலிவு அத்தர்களில் பலவும் செயற்கை வாசனை கலந்தவை. புதிய அத்தரை முழங்கையின் உட்புறத்தில் ஒரு புள்ளி தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. இஹ்ராமில் இருப்பவர்கள் வாசனையைத் தவிர்க்க வேண்டும் என்பதால், உம்ராவுக்குக் கொண்டுபோகும் தைலம், பாம் பற்றியும், நோன்பில் ஆவி பிடிப்பது பற்றியும் முன்கூட்டியே ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாவெண்டர் போன்ற வாசனைகள் மனப் பதற்றத்தைத் தணிக்க ஓரளவு உதவலாம். அதற்குமேல் சர்க்கரை, பிரஷர், புற்றுநோய் குணமாகும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். சாப்பிடும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். உடம்பில் தடவ, 30 மில்லி தேங்காய் எண்ணெயில் பத்துப் பன்னிரண்டு சொட்டு போதும். டிஃப்பியூசரை அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் வேண்டாம். வீட்டில் பூனை வளர்த்தால் டீ ட்ரீ எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள்; அதற்கு அது விஷம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவ வேண்டாம்.

பிள்ளை எண்ணெயைக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர், பால் என்று எதையும் புகட்ட வேண்டாம். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போங்கள்; அறிகுறிகள் சிறிது நேரம் கழித்தும் வரலாம்.